எதிர்விசைச் சுக்கான்

மோட்டார் வண்டி ஓட்டுவோனுக்கு வழி காட்டுவது கண் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், வண்டியின் சக்கரங்கள் தரையை எத்துணை உறுதியாகப் பற்றியிருக்கின்றன, இன்னும் எவ்வளவு பொறுக்கும், எக்கணத்திற் கைவிடும் என்னும் செய்திகளைக் கண் உரிய காலத்திற் சொல்வதில்லை. வண்டி வழுக்கியதைக் கண் காணும்பொழுது வழுக்கல் நிகழ்ந்து முடிந்திருக்கும். முன்கூட்டியே சொல்ல வல்லது கை. உயிர்களை அறிவின் வகையாற் பகுத்த தொல்காப்பியர், ஓரறிவுயிர்க்கு உரியதாக உற்றறிவையே முதற்கண் வைத்தார். செடிகொடிகட்கும் வாய்த்த அவ்வெளிய அறிவு, மணிக்கு 200 கிலோமீட்டர் விரைவில் வளைவொன்றினுட் புகும் பந்தய வீரனுக்கு ஏனை அறிவுகளினும் விழுமியதாகி விடுகின்றது.

மெய்யான வண்டியும் மெய்யான தடமும் இன்றி, வீட்டினுள்ளே கணினித் திரையின் முன் அமர்ந்து பந்தயம் ஓட்டும் வழக்கம் ஒன்று இக்காலத்தே பல நாடுகளிற் பரவியுள்ளது. அதனைச் 'சிம் ரேசிங்' என்பர். சிறுவர் விளையாட்டென்று இதனை ஒதுக்குதல் தகாது. பெயர்பெற்ற பந்தயத் தடங்கள் பல லேசர்க் கதிரால் அளக்கப்பெற்று, அவற்றின் மேடும் பள்ளமும் கணினியுள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வண்டியின் எடையும், வில்லும், டயரின் தன்மையும் கணக்கு வடிவில் அங்கே உள்ளன. ஆடுவோன் முன்னே மேசையிலோ உலோகச் சட்டத்திலோ பொருத்திய ஸ்டியரிங் சக்கரம் ஒன்று இருக்கும். அதனைச் சுக்கான் என்னும் சொல்லாலேயே இக்கட்டுரையில் வழங்குவேன். அது கப்பலுக்குரிய சொல்லாயினும் ஈண்டுப் பொருந்தாமற் போகாது.

இச்சுக்கான் எந்த டயரோடும் பிணைக்கப்பட்டதன்று. அதன் பின்னே சாலை இல்லை. ஒரு பெட்டியும் சில கம்பிகளுமே உள்ளன. அங்ஙனமாயின் வளைவிற் கையை எதிர்த்துத் தள்ளுவது யாது? பெட்டியினுள் இருக்கும் மின்மோட்டாரே. கணினி, இக்கணத்தில் மெய்யான வண்டியாயின் ஓட்டுவோன் கைக்கு எவ்வளவு விசை வந்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல, மோட்டார் அவ்விசையைத் தருகின்றது. இதனை ஆங்கிலத்தார் 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' என்பர்; நாம் எதிர்விசை என்போம். எதிர்விசைச் சுக்கான்களுள் சில நூற்று யூரோ விலையின, சில ஆயிரங்கள் விலையின. விலை மிக்கது திருப்புதற்கு மிக வலியது, அதனாலேயே அது சிறந்தது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து முக்காற் பங்கு பிழை என்பதும், எஞ்சிய காற்பங்கு மெய்யும் அவர்கள் நினைக்கும் காரணத்தால் மெய்யன்று என்பதுமே யான் ஈண்டு விளக்கப் புகுந்தவை.

முதற்கண் மெய்யான டயர் கைக்குச் சொல்லும் செய்தி இன்னதென்று காண்போம். இது சற்றே நுட்பமானது. ஆயினும் இதனை விட்டால் ஏனையவை விளங்கா.

வண்டி வளையும்பொழுது முன்சக்கரம் நோக்கும் திசையும், அச்சக்கரம் மெய்யாகச் செல்லும் திசையும் முற்றும் ஒன்றாக இரா. இரண்டிற்கும் இடையே சில பாகை அளவுள்ள கோணம் ஒன்று தோன்றும். இதனை வழுக்குக் கோணம் எனலாம். டயர் நெகிழும் இயல்புடைய ரப்பராலாயது. தரையைத் தொட்டிருக்கும் அதன் பகுதி, ஓர் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாற் போன்ற அளவினதே. உருளும் டயரின் ஒவ்வொரு சிறு கூறும் அப்பரப்பின் முன்விளிம்பில் தரையைத் தொட்டு, பின்விளிம்பில் தரையை விட்டு நீங்குகின்றது. முன்விளிம்பில் தொடுங்கால் அக்கூறு நேராக நிற்கும். பின்னே செல்லச் செல்லப் பக்கவாட்டில் இழுபடும். இழுபட்ட ரப்பர் மீளத் துடிப்பதனாற் பிறக்கும் விசையே வண்டியை வளைக்கின்றது. ஆகவே அவ்விசை பரப்பின் முற்பாதியிற் குறைந்தும் பிற்பாதியில் மிகுந்தும் நிற்கும். அதன் மொத்தம் சக்கரத்தின் நடுவில் தாக்காது, நடுவிற்குச் சற்றுப் பின்னே தாக்கும். பின்னே தாக்குவதனால் சக்கரத்தை நேராக்கித் திருப்ப முயலும். அம்முயற்சியே சுக்கானின் வழியே ஏறி வந்து ஓட்டுவோன் கையைத் தள்ளுகின்றது.

இனி வழுக்குக் கோணம் பெருகுவதாகக் கொள்வோம். மிகுதியாக இழுபட்டிருப்பது பிற்பாதி. ஆதலின் தாங்கும் எல்லையைக் கடந்து முதலில் வழுக்கத் தொடங்குவதும் அதுவே. பிற்பாதி தளரவே, விசை தாக்கும் இடம் முன்னோக்கி நடுவை அணுகும். நெம்புகோலின் கை குறுகியது போலாம். வண்டியை வளைக்கும் மொத்த விசை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் கைக்கு வரும் முறுக்குவிசை ஏறாது நின்று, பின் இறங்கத் தொடங்கும். அஃதாவது, டயர் தன் ஆற்றலின் உச்சத்தை அடைவதற்குச் சற்று முன்னரே சுக்கான் கையில் இலேசாகின்றது. இயற்கை அமைத்த முன்னறிவிப்பு இது. 'எல்லை அருகில் உள்ளது, ஆனால் இன்னும் கடக்கவில்லை' என்று சொல்லும் மணியோசை எனலாம். இம்மணி அடித்ததற்கும் டயர் கைவிடுதற்கும் இடைப்பட்ட அக்குறுகிய எல்லையிலேயே, சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு, தம் வண்டியை நிறுத்தி ஓட்ட வல்லவரைத் தேர்ந்த வீரர் என்கின்றோம்.

மொட்டைமாடியில் நின்று காற்றாடி விடும் சிறுவன், மேலே காற்று தளர்ந்ததை நூலின் தொய்விலிருந்து அறிகின்றான். காற்றாடி சாய்வதைக் கண் காணுமுன்னே அவன் கை நூலைச் சுண்டிவிடும். அவனுக்குச் செய்தியாவது நூலின் இறுக்கம் அன்று. இறுக்கத்தில் நேர்ந்த மாற்றமே. வீரனும் அவ்வாறே.

எனவே எதிர்விசைச் சுக்கானின் மேன்மையை அளத்தற்கு உரிய வினா, 'எவ்வளவு வலிதாகத் தள்ளுகின்றது?' என்பதன்று. 'வலிமை இறங்குவதை எவ்வளவு துல்லியமாக, எவ்வளவு விரைவாகக் கைக்குச் சேர்க்கின்றது?' என்பதே.

இக்கருவியின் வரலாறும் இவ்வினாவை நோக்கிய நடையே. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க அட்டாரி நிறுவனத்தார் 'ஹார்ட் டிரைவின்' என்னும் பொறியை விளையாட்டு நிலையங்கட்கு வெளியிட்டனர். காசு போட்டு ஆடும் அப்பொறியில் கிளச்சு மிதியும், கியர்க் கோலும், கையை எதிர்த்துத் தள்ளும் சுக்கானும் இருந்தன. வீட்டுக்கு அத்தகைய சுக்கானை 1998-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விற்றது. பின்னர் லாஜிடெக் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'ஜி25', அதன் வழித்தோன்றல்களான 'ஜி27', 'ஜி29' ஆகியவை வீட்டுப் பந்தயக்காரர் பலர்க்கு முதற்சுக்கானாயின. இவற்றில் உள்ள மின்மோட்டார்கள் சிறியவை. சிறு மோட்டாரின் விசையைப் பெருக்குதற்குப் பற்சக்கரங்களைக் கோத்தனர்.

குறை அங்கேதான் புகுந்தது. பற்சக்கரம் விசையைப் பெருக்குவது போலவே உராய்வையும் பெருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இல்லாவிடிற் சக்கரம் சுழலாது. அவ்விடைவெளி இருந்தாலோ, திசை மாறும் ஒவ்வொரு முறையும் சுக்கான் ஒரு கணம் வெறுமையிற் சுழன்று பின் 'கடக்' என்று பற்றும். விறகு நிறுக்கும் தராசில் இரும்புக் குண்டுகளை நிறுக்கலாம். குன்றிமணியளவு பொன்னை இட்டால் தட்டு அசையாது. மோட்டார் அனுப்பும் பெருவிசை பற்சக்கரங்களைக் கடந்து கைக்கு வந்துவிடும். அம்மெல்லிய இறக்கம் இருக்கின்றதே, நாம் மேலே மணியோசை என்ற அது, இடையிலேயே உராய்வால் விழுங்கப்படும். பற்சக்கரத்தை நீக்கிப் பெல்ட் வாரைப் பூட்டியோர் உளர். த்ரஸ்ட்மாஸ்டர், ஃபனாடெக் நிறுவனங்களின் சுக்கான்கள் பல அவ்வகையின. ஓசை அடங்கிற்று, இடைவெளி ஒழிந்தது. ஆயினும் ரப்பர் வார் நெகிழும் பொருளாதலின் கூரிய அதிர்வுகள் அதனுள் மழுங்கின.

இடையில் நிற்பது எதுவாயினும் அது செய்தியை உண்ணும் என்று தெளிந்தபின் எஞ்சிய வழி ஒன்றே. இடையில் ஒன்றும் இல்லாதிருத்தல் வேண்டும். மோட்டாரின் அச்சே சுக்கானின் அச்சாதல் வேண்டும். இதனை 'டைரக்ட் டிரைவ்' என்பர். சொல்வதற்கு எளிது, ஆனால் பெருக்கித்தரப் பற்சக்கரம் இல்லாமையின் மோட்டார் தானே பெருவிசை தரவேண்டும். தொழிற்சாலைகளில் எந்திரக் கைகளையும் கடைசல் பொறிகளையும் இயக்கும் சர்வோ மோட்டார்கள் அதற்கு ஏற்றவையாயின. இங்கிலாந்தில் லியோ போட்னார் நிறுவனத்தார் இவ்வகைச் சுக்கானை முன்னோடியாய்ச் செய்தனர். அதன் விலை பெரிது. பின்னர் ஆர்வலர் சிலர் தம்முட் கூடி, தொழிற்சாலை மோட்டாரை வாங்கித் தாமே கம்பி பூட்டிச் சுக்கான் செய்யும் முறையை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டனர். அம்மோட்டார்களை ஆளும் மின்கருவியைச் செய்துவந்த பின்லாந்து நாட்டுத் தம்பெரே நகரத்துக் கிரனைட் டிவைசஸ் என்னும் நிறுவனமே பின்னர்ச் 'சிமுக்யூப்' என்ற பெயரால் முழுச் சுக்கானையும் விற்கத் தொடங்கிற்று. அதன் இரண்டாம் தலைமுறை 2019-இல் வந்தது. அவ்வாண்டிலேயே ஜெர்மனியின் லான்ட்ஷூட் நகரத்து ஃபனாடெக், 'போடியம் டிடி1', 'டிடி2' என்பவற்றை வெளியிட்டது. கணினியைக் குளிர்விக்கும் கருவிகளாற் பெயர்பெற்ற டென்மார்க்கின் அசெடெக் நிறுவனமும், சீன நாட்டு மோசா, சிமேஜிக் நிறுவனங்களும் அடுத்தடுத்துப் புகுந்தன.

இனி, வலிமை என்னும் அக்காற்பங்கு மெய்க்கு வருவோம். முறுக்குவிசையை நியூட்டன்-மீட்டர் என்னும் அளவால் அளப்பர். அச்சிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கே ஒரு நியூட்டன்-மீட்டர் என்று மனத்திற் கொள்ளலாம். பழைய பற்சக்கரச் சுக்கான் ஏறத்தாழ 2 நியூட்டன்-மீட்டர் தரும். 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வளையத்தின் விளிம்பில் அது ஒன்றரைக் கிலோவிற்கும் சற்றுக் குறைந்த எடைக்கு நிகர். சிமுக்யூப் இரண்டாம் தலைமுறையில் 'ஸ்போர்ட்' என்பது 17, 'புரோ' 25, 'அல்டிமேட்' 32 நியூட்டன்-மீட்டர் தரவல்லன. 25 என்றால் விளிம்பில் 17 கிலோ எடை. 32 என்றால் 21 கிலோவிற்கும் மேல். இவ்வளவு வலிமை எதற்கு? இரண்டு மணி நேரம் மூட்டை தூக்கப் பந்தயக்காரன் விரும்புகின்றானா? இல்லை. பெரும்பாலோர் அவ்வலிமையிற் பாதியையும் பயன்படுத்துவதில்லை. ஆயினும் அஃது இருத்தல் வேண்டும். காரணம் வருமாறு.

கணினி மோட்டாருக்கு அனுப்புவது ஓர் எண். அதற்கு உச்ச வரம்பு உண்டு. மோட்டார் தரக்கூடிய முழு வலிமையே அவ்வரம்பு. மெய்யான வண்டியில் ஒரு நீண்ட விரைவான வளைவில் கைக்கு 12 நியூட்டன்-மீட்டர் வரும் என்று வைத்துக்கொள்வோம். நம் சுக்கான் தரவல்லது 2 மட்டுமே. அளவைக் குறைக்காமல் அனுப்பினால் 2-க்கு மேற்பட்டதெல்லாம் வெட்டுண்டு 2 ஆகவே நிற்கும். உழக்கு நிறைந்தபின் ஊற்றுவதெல்லாம் வழிந்து போதல்போல, 2-இலிருந்து 12 வரை ஏறியதும், 12-இலிருந்து 10-ஆக இறங்கியதும் கைக்குத் தெரியா. அந்த 12-இலிருந்து 10-ஆகும் இறக்கந்தானே டயர் அடித்த மணி? அது முற்றும் அழிந்துவிடும். கை, கற்சுவரைப் பிடித்தாற்போல ஒரே வலியை உணர்ந்துகொண்டிருக்க, டயர் எல்லையைக் கடந்துவிடும். இதனை அத்துறையார் 'கிளிப்பிங்' என்பர். இதற்கு அஞ்சி எல்லாவற்றையும் ஆறில் ஒன்றாகச் சுருக்கினால் வெட்டுண்ணுதல் நீங்கும். ஆனால் சிறு விசைகள் ஆறில் ஒன்றாகச் சிறுத்துப் பற்சக்கர உராய்வுக்கு இரையாகும். மேலே தலை இடிக்கின்றது, கீழே கால் இடிக்கின்றது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இடமில்லை. வலிய மோட்டாரின் பயன் இவ்விடத்தை அகலப்படுத்துவதே. 25 தரவல்ல மோட்டாரை 12 அளவில் ஓட்டுவோன் அதன் வலிமைக்காக அன்று, வெட்டுண்ணாத வெளிக்காகவே பணம் தந்திருக்கின்றான்.

விரைவைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்டயரின் செய்தியை இதுகாறும் கண்டோம். பின்டயர் வழுக்கினால் நிகழ்வது வேறு. வண்டியின் பின்புறம் வெளியே வீசப்பட, முன்சக்கரங்கள் வண்டி செல்லும் திசையையே நோக்க விரும்பித் தாமே திரும்பும். சாமான் தள்ளும் சிறு வண்டியின் சக்கரம் தள்ளிய திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்; அவ்வியல்பே இது. மெய்யான வண்டியில் அப்பொழுது சுக்கான் கையினுள்ளே வழுக்கிச் சுழன்று, வழுக்கலுக்கு எதிரான நிலைக்குத் தானே சென்றுவிடும். வீரன் பிடியைச் சற்றுத் தளர்த்தி அதனை அதன் வழியே விடுகின்றான். நிற்கவேண்டிய இடத்திற் பிடிக்கின்றான். பற்சக்கரச் சுக்கான் அவ்விரைவிற் சுழலாது. ஆடுவோன் தானே முந்திக்கொண்டு வலிந்து திருப்பவேண்டும்; வழுக்கலை ஊகித்துத் திருப்புவானேயன்றி உணர்ந்து திருப்புவானல்லன். நேர்மோட்டாரோ இடைத்தடை இன்மையின் கண்ணிமைக்கும் முன் சுழலும். இவ்வேறுபாடு ஒன்றே விலைக்குப் போதிய காரணம் என்பது என் துணிபு.

சுக்கானின் நிலையை மோட்டாருக்குச் சொல்ல என்கோடர் என்னும் அளவி உண்டு. உயர்ந்த சுக்கான்களில் அது 22 இரும இலக்கம் உடையது. அஃதாவது ஒரு முழுச்சுற்றை 41,94,304 கூறாகப் பகுத்தறியும். இவ்வெண்ணைக் கண்டு மலைக்கவேண்டா. நம் கை அவ்வளவையும் உணராது. மோட்டார் தன் காந்தங்களின் இருப்பைப் பிசகின்றி அறிந்தாலன்றி விசையை மேடுபள்ளமின்றித் தரவியலாது. அதற்கே இந்நுட்பம் வேண்டும்.

மற்றொரு தடை கணினிப் புறத்தே உள்ளது. அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய 'ஐரேசிங்' வண்டியின் இயக்கத்தை நொடிக்கு 360 முறை கணக்கிடுகின்றது. எனினும் சுக்கானுக்கு அது நெடுங்காலம் நொடிக்கு 60 முறையே விசைச் செய்தி அனுப்பிவந்தது. இத்தாலியில் வல்லேலுங்கா தடத்தருகே இயங்கும் குனோஸ் நிறுவனத்தாரின் 'அசெட்டோ கோர்சா' 333 முறை அனுப்புகின்றது. நொடிக்கு 60 என்றால் இரண்டு செய்திகட்கு இடையே மணிக்கு 180 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஏறக்குறைய 83 சென்டிமீட்டர் கடந்துவிடும். மோட்டார் மந்தமாயிருந்த காலத்தில் இக்குறை புலப்படவில்லை. நேர்மோட்டார் வந்ததும், படிப்படியாக வரும் செய்தியைப் படிப்படியாகவே காட்டிற்று. கையில் மணல் நெரிந்தாற்போல இருந்தது. நல்ல கருவி கெட்ட செய்தியையும் மறைக்காது காட்டும் அன்றோ? ஆகவே, படிகளுக்கிடையே சரிவு அமைத்து இழைக்கும் வடிப்பான்களைச் சிமுக்யூப் முதலியோர் தம் கருவியிற் சேர்த்தனர்.

இன்னொன்று நகைப்பிற்கு இடமானது. பெரும்பொருள் செலவிட்டு உராய்வை முற்றும் ஒழித்த பின், நேர்ச்சாலையிற் கையை விட்டால் சுக்கான் இடமும் வலமுமாகத் தானே ஊசலாடத் தொடங்கிற்று. மெய்யான வண்டியில் அதனை அடக்குவது அங்குள்ள உராய்வே. எனவே, ஒழித்த உராய்வை எண் வடிவில் மீளக் கூட்டும் வசதி இப்பொழுது எல்லா உயர்ந்த சுக்கான்களிலும் உண்டு. வேண்டிய அளவு கூட்டலாம், வேண்டாவிடிற் குறைக்கலாம் என்பதே இலாபம்.

மோட்டார் எத்துணைச் சிறந்ததாயினும் தனக்குச் சொல்லப்பட்டதையே சொல்லும். கணினிக்குள் உள்ள டயரின் கணக்குப் பொய்யாயின், விலையுயர்ந்த சுக்கான் அப்பொய்யை மிகத் துல்லியமாகச் சொல்லும். சில விளையாட்டுகளில் ஒப்பனை அதிர்வுகளைச் சேர்க்கின்றனர். எஞ்சினின் உறுமல், கியர் மாற்றும்பொழுது ஓர் உதைப்பு, தட ஓரத்துக் கற்களில் ஏறினால் மிகைப்பட்ட நடுக்கம் எனப் பலவும் கையில் வந்து கொட்டும். மெய்யான வண்டியில் இவற்றுட் பல சுக்கான் வழியே வருவனவல்ல. புதிதாய் ஆடுவோனுக்கு அவை இனிக்கும். ஆனால் இத்தனை ஆரவாரத்தினிடையே அம்மெல்லிய இறக்கத்தை எங்ஙனம் கேட்பது? அசெட்டோ கோர்சாவில், முன்டயர் வழுக்குங்கால் சுக்கான் இலேசாவதை மிகைப்படுத்திக் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. மெலிந்த சுக்கான் உடையோர்க்கு அது கைத்தடி போன்றது. அதனைக் குறை கூறேன். உயர்ந்த சுக்கான் உடையோர் அதனை அணைத்து வைப்பதே முறை.

இங்ஙனம் வீட்டிற் பெற்ற கையறிவு மெய்யான தடத்திற் செல்லுபடியாகுமா? செல்லுபடியானதற்குச் சான்றுகள் உண்டு. நிசான், பிளேஸ்டேஷன் நிறுவனங்கள் கூடி 2008 முதல் நடத்திய 'ஜிடி அகாடமி' என்னும் தேர்வில் முதலில் வென்ற ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனெஸ் 2011-இல் லெமான் 24 மணிப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். 2011-இல் அத்தேர்வில் வென்ற ஜான் மார்டன்பரோ 2013-இல் அதே பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். கணினிப் பந்தயத்திலிருந்து வந்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் பால்ட்வின் 2020-இல் பிரிட்டிஷ் ஜிடி தொடரின் முதற்போட்டியில் ஓல்டன் பார்க் தடத்தில் வென்றார். எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் தடங்கள் மூடப்பட்டபொழுது அமெரிக்க நாஸ்கார் வீரர்கள் தத்தம் வீட்டிலிருந்தே ஓட்டினர். அவற்றுள் முதற்பந்தயத்தில் வென்றவர் டென்னி ஹாம்லின்.

மோட்டார்ப் பந்தயம் செல்வர்க்கே உரியதாக இருந்துவந்த ஒன்று. ஒரு பருவம் ஓட்டுதற்கு ஆகும் செலவு பல குடும்பங்களின் வாழ்நாள் ஈட்டத்தை விஞ்சும். வண்டியும் தடமும் இல்லாதவன் இக்கலையைக் கற்க வழியே இருந்ததில்லை. கல்வி வாய்க்கு எட்டும், காதுக்கு எட்டும், நூலால் எட்டும். கையால் அறியவேண்டிய கல்வி மட்டும் பொருளுடையான் வாயிலிலேயே நின்றது. அவ்வாயில் சிறிது திறந்தது இக்கருவியாலே என்பதனால்தான் இதனை வெறும் விளையாட்டுப் பொருளாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் சுக்கான் சொல்லாதன பல. மெய்யான வீரன் பின்புறம் வழுக்குவதை முதலில் முதுகாலும் இருக்கையாலும் உணர்கின்றான். வீட்டில் இருக்கை அசைவதில்லை. அச்செய்தியையும் கையே சுமக்க வேண்டியிருப்பதாற்றான் வீட்டுச் சுக்கான் மேலும் நுட்பமாயிருத்தல் வேண்டும். மற்றொன்றை எக்கருவியும் சுமக்காது. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், மேடொன்றில் ஏறிய மார்டன்பரோவின் வண்டி காற்றாற் தூக்கப்பெற்று வேலிக்கு அப்பால் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். திரையில் அம்மேட்டைக் கடந்து கவிழ்வோன் ஒரு பொத்தானை அழுத்தி மீளத் தொடங்குகின்றான்.

வீட்டுச் சுக்கானுக்கும் அதற்குரிய சிறு இடர் உண்டு. 20 நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்ட மோட்டார், திரையில் வண்டி சுவரில் மோதும்பொழுது வளையத்தை வெட்டென்று சுழற்றும். கட்டைவிரல் ஆரத்தின் உள்ளே மாட்டியிருந்தால் பிசகிவிடும். ஆதலின் விசையை உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பர். மேசையில் திருகாணியாற் பூட்டினால் மேசையே பெயரும். தடித்த அலுமினியச் சட்டம் வேண்டும். சட்டம் நெகிழ்ந்தாலும் மணியோசை அதிற் கரையும்; பெல்ட்டை நீக்கிவிட்டு மேசையைப் பெல்ட்டாக்கியது போலாகும்.

விலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. உச்சியிலுள்ள சுக்கான்கள் 3,000 யூரோ அளவின. நம் விடுதியில் ஓராண்டுக்குச் செலவிடும் தொகையை எண்ணிப் பார்ப்போர்க்கு மூச்சு முட்டும். ஆனால் 2021-இல் ஃபனாடெக் 'சிஎஸ்எல் டிடி' என்னும் நேர்மோட்டாரை, வளையமும் மிதியும் நீங்கலாக, 350 யூரோவிற்கு வெளியிட்டது. 5 நியூட்டன்-மீட்டர் தரும் அது, வலிய மின்வழங்கியை இணைத்தால் 8 தரும். அதன்பின் ஏனையோரும் விலையைக் குறைத்தனர். அந்நிறுவனத்தின் தாய்க்கழகமாகிய எண்டோர் கடனில் மூழ்கி 2024-இல் நொடித்தது. அமெரிக்கக் கோர்சேர் நிறுவனம் ஃபனாடெக்கை வாங்கிக்கொண்டது. என் கருத்தில், கற்க விரும்புவோனுக்கு 8 முதல் 12 நியூட்டன்-மீட்டர் வரை போதும். அதற்கு மேற்பட்டது நுகர்ச்சி. தவறன்று, ஆனால் தேவையுமன்று.

சுக்கானை வாங்கியோருட் பலர் முதல் நாளே வலிமையை உச்சத்தில் வைத்து, மறுநாள் தோள் வலிக்கத் திரிவர். தெளிந்தோர் செய்வது வேறு. ஐரேசிங்கிலும் அசெட்டோ கோர்சாவிலும் திரையின் ஓரத்தே விசையைக் காட்டும் சிறு பட்டை உண்டு; செய்தி வெட்டுண்ணும்பொழுது அது சிவக்கும். அறிந்த தடம் ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள மிக நீண்ட விரைவு வளைவில் பட்டை சிவக்கின்றதா என்று பார்ப்பர். சிவந்தால் விளையாட்டு அனுப்பும் விசையளவைச் சிறிது குறைத்து மீண்டும் ஓடுவர். பட்டை சிவவாமல் நின்றபின், அதே வளைவிற் சுற்றுக்குச் சுற்றுச் சற்றே மிகுந்த விரைவோடு புகுந்து, கையில் அவ்விறக்கம் எங்கே தொடங்குகின்றது என்று தேடுவர்.